குடியிலிருந்து மீண்டவர்கள் உண்மையில் இருக்கிறார்களா?

குடியை நிறுத்திய இரண்டாம் நாளே கை நடுங்கி, உங்கள் அண்ணன் மீண்டும் கடைக்குப் போய்விடுகிறார் என்றும், மன உறுதி இல்லாத ஒருவர் மீண்டுவர வழி உண்டா, அப்படி மீண்டவர் யாராவது இருக்கிறார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறார்கள். என் கணவர் மீண்டிருக்கிறார். ஆனால் ‘மன உறுதி இல்லாதவர்’ என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் என் மனம் ஆறவில்லை. அதே சொற்களைச் சொல்லித்தான் எங்கள் உறவினர்கள் அவரைச் சாவின் விளிம்பு வரை கொண்டுபோனார்கள்.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர் அவர். இரவு ஷிப்ட் முடிந்த உடம்பு வலிக்கு என்று தொடங்கியது, நாளடைவில், காலையில் ஒரு குவாட்டர் உள்ளே போனால்தான் நடுக்கம் நின்று தறி நாடாவில் நூல் சுற்றிய தாரை மாட்ட முடியும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. ஒரு கார்த்திகை மாதம், பெரியவர்கள் கூடிப் பேசி அவருக்கு ஐயப்பன் மாலை போட்டுவிட்டார்கள். 41 நாள் விரதத்தில் குடி தானாக மறந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. அவரும் மனதாரச் சம்மதித்தார். மாலை போட்ட பிறகு ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. மன உறுதி என்பது இதுதான் என்றால், அவரிடம் அது நிறையவே இருந்தது.

மூன்றாம் நாள் இரவு, பாயில் உட்கார்ந்தபடி, வேட்டி நனையும் அளவுக்கு வியர்த்துக்கொண்டு, வெறும் காற்றில் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்து எதையோ முடிந்துகொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். என்னை அடையாளம் தெரியாமல், “மேஸ்திரி, தறியை நிறுத்துங்க, இழை அறுந்து போச்சு” என்றார். சுவரில் பூச்சிகள் ஊர்வதாகச் சொல்லி எழுந்து ஓடப் பார்த்தார். வீட்டில் இருந்தவர்கள் இதைச் சாமி குத்தம் என்றார்கள். விடிந்ததும் மந்திரிக்கிறவரிடம் அழைத்துப்போக ஏற்பாடு நடந்தது. நான் கேட்கவில்லை. என் தம்பி ஆட்டோ பிடித்து வர, அந்த இரவே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

இதற்கு ‘டெலிரியம் டிரெமென்ஸ்’ என்று பெயர் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகள் தினமும் குடிக்கிறவரின் மூளை, மதுவின் மந்தத்தை ஈடுகட்டத் தன்னை எப்போதும் கூடுதல் வேகத்தில் வைத்துக்கொள்கிறது. மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் அந்த வேகம் கட்டுக்கடங்காமல் போகிறது. முதலில் நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 48 முதல் 72 மணி நேரம் ஆகும்போது சிலருக்கு இப்படி நினைவு பிறழும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். தயமின் என்கிற வைட்டமின் பி1 ஊசியும், நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வரும் அமைதிப்படுத்தும் மாத்திரையும் கொடுத்து அவரைத் தேற்றினார்கள். உங்கள் அண்ணனின் கை நடுங்குவதும் இந்த வரிசையின் முதல் படியாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. அவர் கடைக்கு ஓடுவது ருசிக்காக அல்ல, அந்த நடுக்கத்தை அடக்குவதற்காக. எனவே, தயவுசெய்து அவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டாதீர்கள்.

மருத்துவமனையிலிருந்து வந்ததோடு கதை முடிந்துவிடவில்லை. உறவில் ஒரு கிடாவெட்டில், “ஒரு நாளைக்குத்தானே மாப்பிள்ளை” என்று ஊற்றிக் கொடுத்தார்கள், பழையபடி ஆரம்பித்துவிட்டது. மறுபடியும் மருத்துவரிடம் போனோம். அவர் திட்டவில்லை; இந்த நோயில் இப்படி நடப்பது உண்டு என்று சொல்லி மருந்தோடு ஏ.ஏ. கூட்டத்துக்கும் போகச் சொன்னார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம் அது. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன், மீண்டும் குடித்துவிடுவோமோ என்ற பயத்தில் இன்னொரு குடிநோயாளியைத் தேடிப் போய் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்திடம் மனம்விட்டுப் பேசியதில் பிறந்த அமைப்பு. அந்த பாப் ஸ்மித்தே, பில்லைச் சந்தித்துக் குடியை நிறுத்திய சில வாரங்களில், மருத்துவர் மாநாடு ஒன்றுக்குப் போன இடத்தில் மறுபடியும் குடித்தவர்தான். அவர் கடைசியாகக் குடித்ததாகக் கருதப்படும் ஜூன் 10ஆம் தேதியைத்தான் அந்த அமைப்பு தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. என் கணவருக்கு அதிகம் தெம்பு கொடுத்தது இந்தச் செய்திதான். ஒரு பள்ளிக்கூட அறையில், “நான் ஒரு குடிநோயாளி” என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிவிட்டு வந்த அன்றைக்குத்தான் அவர் வீட்டில் என்னிடம் நிமிர்ந்து பேசினார். இப்போது ஆண்டுகள் பல ஓடிவிட்டன. கூட்டத்துக்கு இன்றும் போகிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்; நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிடு என்று ஒரு பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார் நெருங்கிய உறவினர் ஒருவர். அதில் என்ன இருந்ததோ தெரியாது, நான் கொட்டிவிட்டேன். குடிப்பதைத் தடுக்கக் கொடுக்கும் டைசல்ஃபிரம் போன்ற மருந்து உடம்பில் இருக்கும்போது மது உள்ளே போனால் வாந்தி வரும், நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் சரியும். அதனால் நோயாளிக்கு விளக்கி, அவர் சம்மதித்த பிறகே, கடைசியாகக் குடித்து குறைந்தது 12 மணி நேரம் ஆன பின்புதான் மருத்துவர்கள் அதைத் தொடங்குகிறார்கள். தெரியாமல் கொடுப்பது உயிரோடு விளையாடுவது.

நோய் நோய் என்று சொல்லிக் குடிகாரனுக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று சிலர் கேட்கக்கூடும். அடகில் மூழ்கிப்போன என் நகைகளையும், பிள்ளைகள் பயந்து ஒளிந்துகொண்ட இரவுகளையும் நான் மறக்கவில்லை. அவற்றுக்கு அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், சொல்லிக்கொண்டும் இருக்கிறார். ஆனால் நோய்க்குச் சிகிச்சை கொடுத்த பிறகுதான் அவரால் பதில் சொல்ல முடிந்தது. எல்லோருக்கும் ஏ.ஏ. பொருந்தும் என்றும் நான் வாதாடவில்லை. வெறும் மருந்தாலும் ஆலோசனையாலும் மீண்டவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது, அண்ணன் அடுத்த முறை தானாக நிறுத்துவதற்கு முன்பே அவரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப்போவதுதான். எங்கே போவது என்று புரியாவிட்டால் 14446 என்ற இலவசப் போதை மீட்பு உதவி எண்ணில் கேளுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்போ உளறலோ வந்ததா என்ற மூன்றையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அண்ணியையும் கூடவே அழைத்துப்போங்கள். இரவில் அவருக்கு என்ன நடக்கிறது என்பது அண்ணிக்குத்தான் தெரியும்.