இதயத்தில் கட்டி: புற்று இல்லை என்றால் தள்ளிப்போடலாமா?

அம்மாவுக்கு 52 வயது. மூச்சு வாங்குகிறதே என்று எக்கோ எடுத்தோம். இதயத்தின் இடது மேலறையில் மிக்ஸோமா என்ற கட்டி என்று வந்திருக்கிறது. புற்றுநோய் இல்லையாம். தையில் தங்கை கல்யாணம் முடிந்ததும் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா?
– கடலூர் முதுநகர் வாசகி

வேண்டாம் அம்மா, கல்யாணம் வரை காத்திருக்காதீர்கள். மிக்ஸோமா புற்று போலப் பரவாது, சரி. ஆபத்து அது இருக்கும் இடத்தில்தான். இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் பெரும்பாலும் காம்பு விட்டுத் தொங்கும். சிலருக்கு நுங்கு போலக் கொழகொழவென்று இருக்கும். ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். கட்டியே மைட்ரல் வால்வை (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு) அடைத்தால் மயக்கம், சிலருக்குத் திடீர் மரணம். மாத்திரையில் கரையாது. இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் தற்காலிகமாகச் செய்யும் ஹார்ட்-லங் மெஷின் உதவியோடு, காம்பு ஒட்டிய சுவர்ப்பகுதியையும் சேர்த்து எடுத்து, ஓட்டை பெரிதானால் இதய உறையின் துண்டை வைத்துத் தைப்பார்கள். 1954-இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் முதன்முதலாக இதை வெற்றிகரமாக எடுத்தார். அதற்கு முன் பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையில்தான் இது தெரியவரும். உங்கள் அம்மாவுக்கு உயிரோடு இருக்கும்போதே தெரிந்திருக்கிறது. அந்த வாய்ப்பை விடாதீர்கள். புதுச்சேரி ஜிப்மரிலேயே இதய அறுவைப் பிரிவு இருக்கிறது.

ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து 'வால்வு சுருக்கம்' என்றார்கள். எக்கோவில் கட்டி என்கிறார்கள். எதை நம்ப?
– நெல்லிக்குப்பம்

எக்கோவை. வால்வு வழியை மறைக்கும் கட்டியும் சுருங்கிய வால்வும் காதுக்கு ஒரே மாதிரி கேட்கலாம். நம் பக்கம் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெடும் நோய் அதிகம் என்பதால் டாக்டரின் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். உட்காரும்போது மயக்கம், படுத்தால் தெளிவு. காரணமில்லாத காய்ச்சல், எடைக் குறைவு, ரத்தப் பரிசோதனையில் ஏறிய ஈ.எஸ்.ஆர். (உடலில் அழற்சியைக் காட்டும் அளவு). இவை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அது ரத்தக்கட்டியா என்ற சந்தேகம் தீராவிட்டால், உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோவோ எம்.ஆர்.ஐ.யோ உதவும்.

ஏழாம் மாத ஸ்கேனில் குழந்தையின் இதயத்தில் பல கட்டிகள் என்கிறார்கள். தூக்கமே இல்லை.
– லாஸ்பேட்டை

குழந்தைகளின் இதயத்தில் அதிகம் காண்பது ராப்டோமயோமா என்ற, புற்று அல்லாத கட்டி. பிறந்த பிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்கிவிடும். ரத்த ஓட்டத்தை அடைத்தாலோ துடிப்பைக் குலைத்தாலோ மட்டும்தான் சிகிச்சை தேவைப்படும். ஆனால் பல கட்டிகள் என்றால் டியூபரஸ் ஸ்கிளெரோசிஸ் என்ற மரபணு நோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பிறந்தபின் தோலில் வெளிர்த் திட்டுகளோ வலிப்போ தெரிந்தால் அன்றே குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

எடுத்த மிக்ஸோமா திரும்ப வருமா?
– பண்ருட்டி

அபூர்வம். குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்தாலோ, இளவயதிலேயே வந்திருந்தாலோ வாய்ப்பு கூடும். அப்போது கூடப்பிறந்தவர்களுக்கும் ஒரு எக்கோ எடுத்துவிடுங்கள்.