முடிச்சு முதலில், சாயம் பிறகு: ஜாவா சப்கிளாஸ், டயலாக் பாக்ஸ் கேள்வி பதில்

மதுரை கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைகளுக்கும் மாட்டுத்தாவணிப் பூக்கடைகளுக்கும் ஜாவாவில் பில் நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெப்பக்குளம் பக்கம் ஒரு மாடியில் பத்துப் பதினைந்து பேருக்கு ஜாவா சொல்லித் தருகிறேன். சப்கிளாஸ் (ஒரு கிளாஸிலிருந்து கிளைக்கும் பிள்ளைக் கிளாஸ்), டயலாக் பாக்ஸ் (கேள்வி கேட்கத் திரையில் எழும் சின்னப் பெட்டி) இரண்டிலும் சந்தேகம் இருந்தால் அனுப்புங்கள் என்றேன். வாட்ஸ்அப் நிரம்பிவிட்டது. எல்லாவற்றையும் படித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது: எந்த வரி முதலில் ஓடுகிறது, எந்த வரியில் நிரல் நிற்கிறது?

கிளாஸ் என்பது ஒரு பொருளுக்கான அச்சு, மெத்தட் என்பது அது செய்யும் வேலை. இவற்றின் பெயர்களைக் காதில் விழுகிறபடி எழுதியிருக்கிறேன். எடிட்டரில் நாலு எழுத்து அடித்தால் மீதியை அதுவே காட்டிவிடும்.

மேலூர், பி.சி.ஏ. மாணவி: அண்ணே, விலங்கு, நாய், பூனை என்று சொல்லியே சப்கிளாஸ் நடத்துகிறார்கள். பரீட்சையில் எழுதிவிடுவேன். நிஜத்தில் இது எங்கே உதவும்?

நாய் குரைத்ததற்காக எந்தக் கடைக்காரரும் எனக்குக் காசு கொடுத்ததில்லை, அது சரிதான். ஆனால் நீ ஒரே ஒரு டயலாக் பாக்ஸ் திறந்திருந்தாலும் சப்கிளாஸைப் பயன்படுத்திவிட்டாய். டயலாக் பாக்ஸுக்கு ஜாவா வைத்திருக்கும் கிளாஸ் ஜேடயலாக். அது டயலாக்கின் சப்கிளாஸ். டயலாக் விண்டோவின் சப்கிளாஸ், விண்டோ கன்டெய்னரின் சப்கிளாஸ், கன்டெய்னர் காம்பொனென்ட்டின் சப்கிளாஸ், எல்லாவற்றுக்கும் உச்சியில் ஆப்ஜெக்ட். 'மல்லி விலை கேட்கும் பெட்டி' என்று நீ ஒன்று எழுதி, எக்ஸ்டெண்ட்ஸ் ஜேடயலாக் (ஜேடயலாக்கின் பிள்ளை) என்று போட்டால், அது அந்த வம்சத்தில் ஏழாவது தலைமுறை. தலைப்பு வைக்கும் மெத்தட் டயலாக்கிலிருந்து வந்த சொத்து. உள்ளே பொத்தானைச் சேர்க்கும் மெத்தட் கன்டெய்னரிலிருந்து வந்தது. நீ ஒரு வரிகூட எழுதவில்லை, எல்லாம் பாட்டன் பூட்டன் சேர்த்து வைத்தது.

சப்கிளாஸ் எப்போது போடலாம் என்பதற்குப் பரோட்டாக் கடை போதும். பன் பரோட்டா ஒரு பரோட்டாவா? ஆமாம். அப்போது எக்ஸ்டெண்ட்ஸ். சால்னா ஒரு பரோட்டாவா? இல்லை, பரோட்டாவோடு வருவது. அப்போது அதை உள்ளே ஒரு ஃபீல்டாக, அதாவது கிளாஸ் தன்னிடம் வைத்துக்கொள்ளும் மதிப்பாக வை. 'சால்னா எக்ஸ்டெண்ட்ஸ் பரோட்டா' என்று எழுதினாலும், நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. ஆறு மாதம் கழித்து உனக்கே புரியாது.

திருமங்கலம், பாலிடெக்னிக் மாணவர்: துணி என்று ஒரு கிளாஸ், விலையை வாங்கும் கன்ஸ்ட்ரக்டரோடு. சுங்குடி என்று அதன் சப்கிளாஸ். சுங்குடியில் ஒன்றுமே எழுதவில்லை, ஆனாலும் கம்பைலர் கன்ஸ்ட்ரக்டர் பொருந்தவில்லை என்கிறது. எழுதாத வரியில் எப்படி அண்ணே தப்பு வரும்?

நீ எழுதவில்லை, ஜாவா எழுதியிருக்கிறது. ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடுகிற பகுதிதான் கன்ஸ்ட்ரக்டர். அது இல்லாத கிளாஸுக்கு ஜாவாவே வெற்றாக ஒன்றைப் போட்டுக்கொள்ளும். அதன் முதல் வரியில், அடைப்புக்குள் எதுவும் இல்லாத சூப்பர் அழைப்பையும் சேர்த்துவிடும். அதாவது "அப்பாவை முதலில் கட்டு" என்று அர்த்தம். உன் துணியோ விலை கொடுத்தால்தான் வருவேன் என்கிறது. விலை கொடுக்க ஆள் இல்லை, அதனால்தான் பிழை.

சுங்குடி என்று பெயர் வைத்தாயே, அதிலேயே விடை இருக்கிறது. சுங்குடிக்கு முதலில் துணியில் முடிச்சுப் போடுவார்கள், அப்புறம்தான் சாயத்தில் முக்குவார்கள். சாயம் முக்கிவிட்டு முடிச்சுப் போட்டால் புள்ளி விழாது. இங்கேயும் அப்பா கிளாஸின் வேலை முடிந்த பிறகுதான் பிள்ளையின் வேலை. சுங்குடிக்கு நீயே ஒரு கன்ஸ்ட்ரக்டர் எழுதி, முதல் வரியில் சூப்பருக்கு விலையை அனுப்பு, சரியாகிவிடும். ஜாவா 25-இல் இந்த விதியைத் தளர்த்தி, சூப்பருக்கு முன்னாலும் சில வரிகள் எழுத விட்டிருக்கிறார்கள். உன் லேபில் இருப்பது பழைய பதிப்பாக இருந்தால் முதல் வரி சூப்பர்தான்.

கே.கே. நகர், வேலையில் சேர்ந்து எட்டு மாதம்: எல்லா டயலாக்குக்கும் பொதுவாக ஓர் அடிப்படைக் கிளாஸ் எழுதினேன். அதன் கன்ஸ்ட்ரக்டர், 'உள்ளடக்கத்தை அடுக்கு' என்ற மெத்தடை அழைக்கும். சப்கிளாஸில் அந்த மெத்தடை ஓவர்ரைடு செய்து (அதே பெயரில் புதிதாக எழுதி), ஒரு டெக்ஸ்ட் ஃபீல்டைச் (எழுத்து அடிக்கும் கட்டம்) சேர்க்கிறேன். அந்த ஃபீல்டை அறிவித்த இடத்திலேயே உருவாக்கியும் விட்டேன். ஓட்டினால் 'நல்' (உள்ளே ஒன்றுமே இல்லை) என்று விழுகிறது.

'நல்'லைத் தமிழில் எழுதினால் நல்ல பெயராகத் தெரிகிறது, செய்கிற காரியம் நேர்மாறு!

இதுவும் அதே முடிச்சு-சாயம்தான், கொஞ்சம் ஆழத்தில் கிடக்கிறது. வரிசை இப்படி: முதலில் அப்பாவின் கன்ஸ்ட்ரக்டர் முழுதாக ஓடும். பிறகு பிள்ளையின் ஃபீல்டுகளுக்கு மதிப்பு விழும். பிறகு பிள்ளையின் கன்ஸ்ட்ரக்டரில் மீதி வரிகள். உங்கள் அப்பா கிளாஸ் தன் முறையிலேயே 'அடுக்கு' என்று கூப்பிடுகிறது. ஜாவா ஓவர்ரைடு செய்த மெத்தடைத்தான் ஓட்டும், அதாவது பிள்ளையின் மெத்தடை. அந்த நேரத்தில் டெக்ஸ்ட் ஃபீல்டு பிறக்கவே இல்லை. நீங்கள் "அறிவித்த இடத்திலேயே உருவாக்கினேனே" என்பது உண்மை, ஆனால் அந்த வரியின் முறை வரவில்லை.

ஓவர்ரைடு செய்யக்கூடிய மெத்தடை அப்பாவின் கன்ஸ்ட்ரக்டரில் அழைக்கக்கூடாது. பிள்ளையின் கன்ஸ்ட்ரக்டரில் கடைசி வரியாக அழையுங்கள். எனக்கு இதைக் கண்டுபிடிக்க முழுதாக ஒரு இரவு போனது, உங்களுக்கு எட்டு மாதத்தில் கிடைத்திருக்கிறது.

உசிலம்பட்டி, பி.எஸ்சி. மாணவர்: என் டயலாக் தலைப்போடு மட்டும், குட்டியாக, காலியாக வருகிறது. மூடியதும் அடுத்த வரிகள் ஓடுகின்றன. பொத்தான்களை எங்கே விட்டேன்?

பெட்டியைத் திரையில் காட்டும் 'செட் விசிபிள்' வரிக்குக் கீழே சேர்த்திருப்பாய். பார்க்காமலே சொல்கிறேன்.

டயலாக்கை மோடல் என்று வைத்தால், செட் விசிபிள் வரி ரயில்வே கேட் மாதிரி. பெட்டியை மூடும்வரை அதற்கு அடுத்த வரிக்குப் போக வழியில்லை. பொத்தான் சேர்க்கும் வரி கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. பயனர் காலிப் பெட்டியை மூடிய பிறகு உன் பொத்தான்கள் வந்து சேர்கின்றன, கல்யாணம் முடிந்து மொய் எழுத வந்தவர் மாதிரி. முதலில் எல்லாவற்றையும் சேர், பிறகு அளவைப் பொருத்தும் 'பேக்' போடு, பிறகு இடம் வை, கடைசியில் செட் விசிபிள்.

அப்படியென்றால் பெட்டிக்குள் இருக்கும் பொத்தான்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கேட்பாய். நிற்பது அந்த ஒரு வரிதான். காத்திருக்கும் நேரத்தில் கிளிக், எழுத்து, திரை வரைதல் எல்லாவற்றையும் ஸ்விங் (ஜாவாவின் ஜன்னல், பொத்தான் தொகுப்பு) உள்ளே தனிச் சுழலில் ஓட்டிக்கொண்டே இருக்கும்.

செல்லூர், பெயர் வேண்டாம் என்றவர்: ஜேஆப்ஷன்பேன் என்ற தயார் டயலாக் பெட்டியை அழைக்கும்போது, பெற்றோர் ஜன்னலைச் சொல்லும் முதல் இடத்தில் எல்லோரும் 'நல்' போடுகிறார்கள். நானும் போடுகிறேன். தப்பா?

பழகும்போது போடு. கடையில் ஓடுகிற நிரலில் போடாதே. நான் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு பூக்கடைக்கு எழுதிய முதல் நிரல். விடியற்காலை நாலரை மணி, ஏலம் சூடாக இருக்கும் நேரம், முகூர்த்த நாள் வேறு. போன் வருகிறது: "கம்ப்யூட்டர் செத்துப்போச்சு." வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். திரையில் பில் அப்படியே இருக்கிறது, எதைத் தட்டினாலும் அசையவில்லை. மூட்டைக்கு நடுவே நின்றுகொண்டு ஆல்ட்-டேப் அழுத்தினேன். பின்னால் ஒளிந்திருந்தது என் சின்னப் பெட்டி: "எடை பூஜ்யமாக உள்ளது. சரியா?" அவ்வளவுதான். பெற்றோர் ஜன்னல் எது என்று நான் சொல்லாததால் அது பெரிய ஜன்னலுக்குப் பின்னால் போய்விட்டது. மோடல் என்பதால் முன்னால் இருப்பதையும் தொட விடவில்லை. அதற்குள் கடைப்பையன் இரண்டு முறை மெஷினை அணைத்துப் போட்டு, சேமிக்காத பதினெட்டு பில் போயிருந்தது. முதலாளி என்னைத் திட்டவில்லை, ஒரு முழம் மல்லியைக் கையில் கொடுத்து "வீட்டுக்குப் போ தம்பி" என்றார். அது திட்டைவிட மோசம்.

முதல் இடத்தில் உன் நிரலின் பெரிய ஜன்னலான ஜேஃபிரேமைக் கொடு. பெட்டி அதன் நடுவில், அதற்கு முன்னால் நிற்கும்.

அவனியாபுரம், பிளஸ் டூ முடித்தவர்: ஷோ இன்புட் டயலாக்கில் எடையைக் கேட்கிறேன். எண் அடித்தால் ஓடுகிறது. கேன்சல் அழுத்தினால் சிவப்பு எழுத்தாகக் கொட்டுகிறது.

கேன்சல் அழுத்தினாலும், மூலையில் பெருக்கல் குறியைத் தட்டினாலும் அந்த மெத்தட் 'நல்' திருப்பித் தரும். எதுவும் அடிக்காமல் ஓகே கொடுத்தால் வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத தொடர்) வரும். இரண்டும் வேறு. முதலில் 'நல்'லா என்று பார், ஆமாம் என்றால் பேசாமல் திரும்பிப் போ, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இல்லையென்றால் ஓரத்து இடைவெளிகளை வெட்டிவிட்டு எண்ணாக மாற்று, அதைப் பிழை வந்தால் பிடித்துக்கொள்ளும் டிரை-கேட்ச்சுக்குள் வை. பூக்கடைக்காரர் 'ரெண்டரை' என்று எழுத்தில் அடிப்பார் தம்பி, நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, எடைக்கு முழு எண் போதாது, புள்ளி வைத்த எண்ணான டபுள் எடுத்துக்கொள்.

வாடிப்பட்டி, ஓய்வு பெற்ற ஆசிரியர்: தம்பி, 'அழிக்கவா?' என்று கேட்கும் பெட்டி வைத்தேன். பதில் 'இல்லை' என்றால் விட்டுவிடு, மற்றபடி அழி என்று எழுதினேன். பேரன் பெட்டியை மூலையில் மூடினான், என் மாணவர் பட்டியல் அழிந்துவிட்டது. மேலும், தமிழ் எழுத்துகள் சில நேரம் கட்டம் கட்டமாக வருகின்றன.

ஐயா, ஷோ கன்ஃபர்ம் டயலாக் ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. 'ஆம்' என்றால் 0, 'இல்லை' என்றால் 1, 'ரத்து' என்றால் 2, மூலையில் மூடினால் -1. 'இல்லை'யைத் தவிர மற்ற எல்லாம் சம்மதம் என்று நிரல் எடுத்துக்கொண்டது. எப்போதும் 'ஆம்' வந்ததா என்று மட்டும் கேளுங்கள், வேறு எது வந்தாலும் தொடாதீர்கள். எண்ணை நேராக எழுதாமல் 'எஸ் ஆப்ஷன்' என்ற பெயரையே எழுதினால் படிக்கவும் எளிது.

எழுத்துக்கு: கட்டமாகத் தெரிந்தால் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லை. விண்டோஸில் நிர்மலா யுஐ எழுத்துருவை ஆப்ஷன்பேனின் செய்தி எழுத்துருவாக, ஸ்விங்கின் தோற்றத்தைக் கவனிக்கும் யுஐமேனேஜரில் ஒருமுறை வைத்துவிடுங்கள். கட்டத்துக்குப் பதில் கொம்பும் கோடும் வைத்த விநோத அந்நிய எழுத்துகள் வந்தால் கோளாறு வேறு, கோப்பை ஜாவா தப்பான குறியாக்கத்தில் படித்திருக்கிறது. ஜேடிகே (ஜாவா நிரல் எழுதும் கருவித் தொகுப்பு) 18 முதல், தமிழையும் தாங்கும் யுடிஎஃப்-8தான் இயல்பு. அதற்கு முந்தையது என்றால் கம்பைல் செய்யும்போது குறியாக்கத்தை நீங்கள் சொல்ல வேண்டும். கிளாஸ் பெயரையே தமிழில் வைக்கலாம் ஐயா, ஜாவா ஒத்துக்கொள்ளும்.

விளாங்குடி, குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு படிப்பவர்: தம்பி, ஆப்ஜெக்டை எழுத்தாகக் காட்டும் டு ஸ்ட்ரிங் மெத்தடை எழுதினேன், ஜாவா அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து பாருங்கள் அக்கா. நடுவில் வரும் 'எஸ்' பெரிய எழுத்து. மேலே ஓவர்ரைடு குறிப்பைப் போட்டிருந்தால் கம்பைலரே காட்டிக் கொடுத்திருக்கும். அந்த ஒரு வரியைச் சோம்பல் இல்லாமல் போடுங்கள்.

ஆரப்பாளையம், கல்லூரி முடித்தவர்: எல்லோரும் வெப் என்கிறார்கள். இன்னும் ஸ்விங் படிக்கணுமா?

ஸ்விங் 1998-இல் ஜாவா 1.2-உடன் வந்தது, இன்றும் ஜேடிகேக்குள் இருக்கிறது. ஸ்விங்குக்குப் பின் வந்த ஜாவாஎஃப்எக்ஸை 11-ஆம் பதிப்பிலிருந்து தனியே எடுத்துவிட்டார்கள். வேலைக்கு என்றால் வெப் நிரலுக்கான ஸ்பிரிங் படி, ஸ்விங்கை மட்டும் நம்பி சென்னைக்கு பஸ் ஏறாதே. ஆனால் சப்கிளாஸ் கண்முன்னே வேலை செய்வதைப் பார்க்க இதைவிட மலிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

மேலூர் மாணவி, மறுபடியும்: நானே ஜேடயலாக் சப்கிளாஸ் எழுதிவிட்டேன் அண்ணே. பயனர் அடித்த விலையை வெளியே எப்படி எடுப்பது? பெட்டிதான் மூடிவிடுகிறதே?

முதலில், ஒரே ஒரு மதிப்பு என்றால் ஜேஆப்ஷன்பேன் போதும், சப்கிளாஸ் எதற்கு? பூவின் பெயர், எடை, விலை மூன்றும் ஒரே பெட்டியில் வேண்டும் என்றால் நீ செய்தது சரி.

சப்கிளாஸில் 'விலை' என்று ஒரு பிரைவேட் ஃபீல்டு வை. ஓகே பொத்தானின் நிகழ்வில் மூன்று வேலை: டெக்ஸ்ட் ஃபீல்டிலிருந்து எடுத்துச் சரிபார், 'விலை'யில் போடு, பெட்டியை மூட டிஸ்போஸ் செய். வெளியே, செட் விசிபிளுக்கு அடுத்த வரியில் மதிப்பை எடுத்துத் தரும் கெட்டர் மெத்தடால் விலையை வாங்கு. கேட் திறந்த பிறகுதான் அந்த வரி ஓடும் என்பதால் மதிப்பு அங்கே காத்திருக்கும். மோடல் வைக்க மறந்தால் பயனர் அடிப்பதற்குள் அந்த வரி ஓடிவிடும், உனக்கு 'நல்'தான் மிஞ்சும்.

டிஸ்போஸ் திரையில் பிடித்திருந்ததைத்தான் விடுகிறது. உன் வேரியபிள் பிடித்துக்கொண்டிருக்கும்வரை ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்கும், அதன் ஃபீல்டுகளும் இருக்கும். கேன்சல் அழுத்தினால் 'விலை' தொட்டுப் பார்க்கப்படாமல் 'நல்'லாகவே நிற்கும், அதனால் டைப்பைச் சின்ன எழுத்து டபுளாக வைக்காமல், 'நல்'லையும் தாங்கும் பெரிய எழுத்து டபுளாக வை. அவனியாபுரம் தம்பிக்குச் சொன்ன அதே சோதனையை இங்கேயும் போட்டுவிடு.