பிரிக்க ஆள் வந்தால் பார்னைக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் கவுண்டியில் ஆறு ஏக்கர் நிலத்தோடு ஒரு பழைய பண்ணை வீடு வாங்கியிருக்கிறோம். சரிவில் கல்லும் மரமுமாகப் பெரிய பார்ன் (தொழுவமும் களஞ்சியமும் சேர்ந்த பண்ணைக் கட்டடம்) ஒன்று நிற்கிறது. ஒருவர் தானாகவே வந்து, "இது எப்போது வேண்டுமானாலும் விழும். இலவசமாகப் பிரித்து எடுத்துக்கொண்டு 4000 டாலரும் தருகிறேன்" என்கிறார். அது உண்மையிலேயே பழையதுதானா? கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். விழப்போகிற கட்டடத்துக்கு யாராவது பணம் கொடுப்பார்களா?

நீங்கள் அனுப்பிய படத்தில் மேல்தளம் கீழ்ச்சுவரைத் தாண்டி நாலைந்து அடி வெளியே நீண்டிருக்கிறது. பென்சில்வேனியா ஜெர்மானியர் பார்னுக்கு அதுதான் அடையாளம். மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த சுவிஸ்காரர்கள் 1710-ல் லங்காஸ்டரில் குடியேறினார்கள். அவர்களும் பின்னால் வந்த ஜெர்மானிய விவசாயிகளும் வளர்த்த வடிவம் இது. இதன் வேர் கிழக்கு சுவிட்சர்லாந்தின் பிராட்டிகாவ் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கீழே தொழுவம், மேலே போரடிக்கும் களம், வைக்கோல், குதிர். மேட்டுப்பக்கமாக வண்டி நேரே மேல்தளத்துக்குள் போகும். அங்கிருந்து வைக்கோலைக் கீழே தள்ளினால் மாட்டுக்குத் தீனி. நம் ஊரில் தனித்தனியாக இருக்கும் தொழுவமும் களமும் குதிரும் அந்தக் குளிரில் ஒரே கூரைக்குள் வந்துவிட்டன.

வயதை ஓரளவு நீங்களே பார்க்கலாம். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து உத்திரங்களைப் பாருங்கள். கோடாலியால் செதுக்கிய தழும்பும், இணைப்புகளில் மர ஆணியும், பக்கத்திலேயே கீறிய ரோமன் எண்களும் தெரிந்தால் அது தச்சர் கையால் கோத்த சட்டகம். பலகையில் வளைவான அறுப்புக்கோடுகள் இருந்தால் அது வட்ட ரம்ப வேலை, பெரும்பாலும் 1840-க்குப் பிந்தையது.

வந்தவருக்கு வேண்டியது மரம்தான். அந்தச் சட்டகத்தில் அமெரிக்க செஸ்ட்நட் இருக்கலாம். 1904-ல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்ட பூஞ்சை நோய் சில பத்தாண்டுகளில் அந்த இனத்தின் பெரிய மரங்களைக் காட்டிலிருந்து ஏறக்குறைய துடைத்துவிட்டது. இன்று அந்த அளவுக்குப் பெரிய செஸ்ட்நட் கிடைப்பது பெரும்பாலும் பழைய பார்ன் போன்ற கட்டடங்களில்தான். உங்களிடம் பெயருக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு, அதையே உணவகச் சுவருக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் பலகை பலகையாக விற்பார்கள். இப்படிப் போன பார்ன்களை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. மரம் வாங்குகிறவரிடம் கட்டடத்தின் பலத்தைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். மரச்சட்டக வேலை தெரிந்த பொறியாளரையோ தச்சரையோ பணம் கொடுத்து வரவழையுங்கள். இரும்பும் கான்கிரீட்டும் மட்டுமே பழகியவர் வந்தால் அவரும் இடிக்கத்தான் சொல்வார்.

அதுவரை தண்ணீரைத் தடுங்கள். பார்னைக் கொல்வது வயது அல்ல, ஒழுகும் கூரை. கூரையில் ஓட்டை இருந்தால் இந்த வாரமே தார்ப்பாய் போடுங்கள். மேட்டுப்பக்கக் கல்சுவர் உள்ளே பிதுங்கியிருக்கிறதா, டிராக்டர் நுழைவதற்காக யாராவது குறுக்கு உத்திரத்தை வெட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

"பழைய கட்டடம் என்றாலே 20 சதவீத வரிச்சலுகை" என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டு திரியும். மத்திய அரசின் அந்தச் சலுகை உண்டு. ஆனால் கட்டடம் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் தனியாக இடம்பெற வேண்டும், அல்லது பதிவான வரலாற்று வட்டாரத்தில் மதிப்புள்ள கட்டடமாக ஏற்கப்பட வேண்டும். அதோடு வருமானம் தரும் உபயோகத்திலும் இருக்க வேண்டும். விவசாயம், வாடகை என்றால் சரி. உங்கள் கார் நிறுத்தவும் பிறந்தநாள் கொண்டாடவும் என்றால் கிடையாது. சீரமைப்புச் செலவும் வரிக்கணக்கில் கட்டடத்துக்கு உள்ள மதிப்பைத் தாண்ட வேண்டும். அந்த மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் செலவு 5000 டாலருக்கு மேல் போக வேண்டும். திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கிய பிறகே வேலை தொடங்குங்கள். முந்திக்கொண்டால் சலுகை கைநழுவலாம். ஒழுகும் கூரையை வைத்துக்கொண்டு படிவம் படிவமாக நிரப்பிக் காத்திரு என்பது என்ன நியாயமோ! மழை காத்திருக்குமா?

ஹாரிஸ்பர்க்கில் உள்ள மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அந்த மனிதர் நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். "மாதிரிக்கு ஒரே ஒரு பலகை" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள்.