ஹராரே பாட்டிகள்

கேள்வி: நாற்பது வருட அனுபவத்தில் நான் கற்ற வாழ்க்கைப் பாடங்களைத் தினமும் காலையில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறேன். மனம் சோர்ந்தவர்களுக்கு அது மருந்தாகும் என்று நம்புகிறேன். அந்தக் காலத்தில் பாட்டிகள் சொன்ன அறிவுரையே போதுமானதாக இருந்ததே, இப்போது எதற்குக் கவுன்சலிங்?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: பாட்டி என்றதுமே என் மனம் வேறு ஊருக்குப் போய்விட்டது. வாட்ஸ்அப்புக்கு அப்புறம் வருகிறேன். பாட்டிகளால் மனச்சோர்வைத் தீர்க்க முடியுமா என்று முறையாகச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நடந்தது ஜிம்பாப்வேயில்.

2005-இல் அந்நாட்டு அரசு நகரங்களில் இருந்த குடிசைகளையும் தெருக்கடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்று ஐ.நா. கணக்கிட்டது. அதே வருடம், டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டாள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர வேண்டும் என்று தாய்க்குத் தெரியும். பஸ்ஸுக்கு வேண்டிய 15 டாலர்தான் கையில் இல்லை. சிபாண்டாவை அது உலுக்கிவிட்டது. நாடு முழுவதற்கும் மனநல மருத்துவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். தலைநகர் ஹராரேயில் ம்பாரே என்ற ஏழைகள் வாழும் பகுதிக்குப் போய், வேலையைத் தொடங்க நர்ஸ் கேட்டார், அறை கேட்டார். இரண்டும் கிடைக்கவில்லை. சுகாதாரப் பணியில் ஏற்கெனவே இருந்த 14 பாட்டிகளையும் கிளினிக்குக்கு வெளியே கொஞ்சம் திறந்த இடத்தையும்தான் கொடுத்தார்கள். 2006-இல் அங்கே ஒரு மர பெஞ்சு போட்டார்.

பெஞ்சுக்கு அவர் முதலில் வைத்த பெயர் 'மனநல பெஞ்சு'. ஒருவரும் வந்து உட்காரவில்லை. பாட்டிகள்தான் அதை 'நட்பு பெஞ்சு' ஆக்கினார்கள். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். படித்த டாக்டருக்குத் தோன்றாதது, அந்தத் தெருவிலேயே பிள்ளை பெற்று வளர்த்துப் பறிகொடுத்தும் வாழ்ந்த பெண்களுக்குத் தோன்றியிருக்கிறது.

சரி, அந்த பெஞ்சில் உட்கார்ந்து பாட்டி என்ன செய்கிறாள்? நீங்கள் நினைப்பதுபோல அறிவுரை சொல்லி அனுப்புவதில்லை. முதலில் 14 கேள்விகள் கேட்கிறாள். தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா, ஒன்றையே யோசித்து யோசித்து மனம் களைக்கிறதா என்பது போன்றவை. அப்புறம் வந்தவளைப் பேச விடுகிறாள். புருஷன் அடிப்பது, வாடகை பாக்கி, எச்.ஐ.வி. மாத்திரை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்று எல்லாம் கொட்டித் தீர்ந்த பிறகு, இவற்றில் எதை முதலில் கையில் எடுக்கலாம் என்று கேட்கிறாள். எடுப்பது வந்தவள். வழியை யோசிப்பதும் அவள்தான், பாட்டி கூட இருந்து யோசிக்கிறாள். அடுத்த தடவை வரும்போது அது நடந்ததா, எங்கே தடைப்பட்டது என்று பேசுகிறார்கள். இப்படி ஆறு சந்திப்புகள். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் பாட்டி தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் மேல்சிகிச்சைக்கு அனுப்பிவிடுகிறாள். இதற்கெல்லாம் அவளுக்குப் பயிற்சி உண்டு, மேற்பார்வையும் உண்டு. ஆக, நீங்கள் 'எதற்கு' என்று கேட்ட கவுன்சலிங்கைத்தான் அந்தப் பாட்டிகள் செய்கிறார்கள்.

ஹராரேயின் 24 கிளினிக்குகளில் 573 பேரிடம் இதைச் சோதித்தார்கள். முடிவு 2016-இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, கிளினிக்கின் வழக்கமான கவனிப்போடு நின்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பாட்டியோடு உட்கார்ந்தவர்களில் அது 14 சதவீதத்துக்கும் குறைவு.

இப்போது உங்கள் வாழ்க்கைப் பாடங்கள். அவற்றுக்கும் ஹராரேயில் இடம் இருக்கிறது, ஆனால் பெஞ்சுக்கு அடுத்த கட்டத்தில். பெஞ்சில் பேசி முடித்தவர்கள் குழுவாகக் கூடுகிறார்கள். பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு பை பின்னுகிறார்கள், விற்றால் கொஞ்சம் காசு வரும். கை பின்னிக்கொண்டிருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. நான் இப்படித்தான் சமாளித்தேன் என்று ஒருத்தி சொல்ல, அதே துன்பத்தில் இருக்கும் இன்னொருத்தி காதில் வாங்குகிறாள். தன்னை ஏற்கெனவே ஒருவர் முழுதாகக் கேட்டிருக்கிறார் என்பதால்தான் அவளால் அதை வாங்கிக்கொள்ள முடிகிறது. காலை ஆறு மணிக்கு எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பினால் இது நடக்காது. அந்தக் குழுவில் ராத்திரி முழுக்கத் தூங்காதவர் யார் என்று உங்களுக்குத் தெரியாதே! தன்னம்பிக்கைப் பேச்சாளர்களோடு இந்தப் பக்கத்தில் எனக்கு இருக்கும் பழைய சண்டையும் இதுதான். மேடையிலிருந்து ஆயிரம் பேருக்குப் பேசுகிறார், கைதட்டல் வாங்குகிறார், கார் ஏறிப் போய்விடுகிறார். கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பவனின் பெயரைக்கூட அவர் கேட்பதில்லை. எனக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

எழுதுவதை நிறுத்தச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் பாடத்துக்குப் பதிலாக, 'யாருக்காவது பேச வேண்டுமென்றால் மாலையில் கீழே இருப்பேன்' என்று எழுதிவிட்டு, உண்மையிலேயே போய் உட்காருங்கள். வருகிறவரிடம் உங்கள் கதையை அவராகக் கேட்கும்வரை சொல்லாதீர்கள். சாக வேண்டும்போல இருக்கிறது என்று யாராவது சொன்னால் தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். அந்த இடத்திலிருந்தே கூப்பிட்டுக் கொடுங்கள், டாக்டரிடம் போகும்வரை கூடவே இருங்கள்.

கடைசியாக, கீழே உட்கார இடம் இருக்கிறதா என்ற கேள்வி. பெஞ்சு விஷயத்தில் நான் விடாக்கண்டன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பஸ் நிறுத்தத்தில் உட்கார வழியில்லாமல் வயதானவர்கள் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பற்றி எழுதிக்கொண்டேதான் இருக்கிறேன். ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெஞ்சு உண்டு, ஆனால் வரிசையில் காத்திருக்கத்தான். வளாகத்தின் வேப்பமரத்தடியில் இரண்டு பேர் பேசுவதற்கென்று தனியாக ஒன்று போட என்ன செலவாகிவிடும்? ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். எந்த வீட்டில் யார் சாப்பிடாமல் படுத்திருக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். ஹராரே பாட்டிகளுக்குக் கொடுத்த பயிற்சியை இவர்களுக்கும் கொடுக்க வேண்டும், அந்த வேலைக்குத் தனியாக ஊதியமும் தர வேண்டும். சுகாதாரத் துறையில் யாராவது இந்தப் பக்கத்தைப் படித்தால், முதலில் ஒரே ஒரு வட்டாரத்தில் ஆரம்பித்துப் பாருங்கள்.