அல்மாட்டியிலிருந்து தாஷ்கண்ட் வரை தரைவழியே: அம்மாவையும் அழைத்துப் போகலாமா?

கேள்வி: என் மகள் கிர்கிஸ்தானில் ஓஷ் நகரில் மருத்துவம் படிக்கிறாள். வரும் கோடையில் நான், என் மனைவி, 67 வயதான என் அம்மா மூவரும் அவளைப் பார்க்கப் போகிறோம். கஜகஸ்தானின் அல்மாட்டியில் இறங்கி, கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக், ஓஷ் வழியாக உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்ட் போய் அங்கிருந்து ஊர் திரும்ப ஆசை. பஸ், ஷேர் டாக்ஸி என்றே போய்விட முடியுமா? எல்லையில் தொல்லை கொடுப்பார்களா? – திருநெல்வேலி வாசகர்

பதில்: தாராளமாகப் போகலாம். நீங்கள் எல்லையை நினைத்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு உங்கள் அம்மாவை நினைத்தால் பிஷ்கெக்–ஓஷ் சாலைதான் கவலை.

முதலில் விசா. இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் கஜகஸ்தானில் 14 நாள் வரை விசா வேண்டாம். கிர்கிஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இ-விசா எடுக்க வேண்டும். கிர்கிஸ் இ-விசாவை எல்லாச் சோதனைச் சாவடியிலும் ஏற்க மாட்டார்கள். நீங்கள் நுழையப்போகும் சாவடி பட்டியலில் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும்போதே பார்த்துவிடுங்கள். விசாவைக் காகிதத்தில் அச்சடித்து ஆளுக்கொன்றாகக் கையில் வைத்திருங்கள். கைப்பேசியில் காட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பு வரிசையில் நிற்கும்போது உதவாது.

அல்மாட்டியில் சாய்ரான் பஸ் நிலையத்தில் பிஷ்கெக் போகும் பஸ்ஸும் மர்ஷ்ருத்கா எனப்படும் வேனும் கிடைக்கும். சுமார் 240 கிலோமீட்டர். கொர்டாய் எல்லையில் எல்லோரும் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, கஜக் சாவடியைக் கடந்து, சூ ஆற்றுப் பாலத்தில் நடந்து, கிர்கிஸ் சாவடியில் முத்திரை வாங்க வேண்டும். வண்டி தனியாகச் சோதனை முடித்து மறுபக்கம் வந்து நிற்கும். அங்கே ஒரே மாதிரி வெள்ளை வேன்கள் வரிசையாக நிற்கும். எது உங்களுடையது என்று தெரியாது. ஆகவே நிலையத்திலேயே வண்டி எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லைக்குள் கேமராவை எடுக்கவே கூடாது. அம்மா தூக்கக்கூடிய பையே அம்மாவுக்கு. மற்றதெல்லாம் சக்கரம் வைத்த பெட்டியில் போகட்டும். கடிகாரத்தையும் மாற்றுங்கள்: 2024 மார்ச் முதல் கஜகஸ்தான் முழுவதும் ஒரே நேரம், கிர்கிஸ்தான் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால்.

அடுத்தது அந்தச் சாலை. பிஷ்கெக்கிலிருந்து ஓஷ் 600 கிலோமீட்டருக்கு மேல். ஷேர் டாக்ஸியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். பிஷ்கெக் இருப்பது சுமார் 800 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் தோ-அஷு சுரங்கப்பாதைக்கு, 3,000 மீட்டருக்கு மேல் ஏறிவிடுவீர்கள். பிறகு சூசாமிர் சமவெளி. கோடையில் சாலையோரம் வட்டக் கூடாரம் போட்டுக் குதிரைப்பால் விற்பார்கள். அதைத் தாண்டி மறுபடி 3,000 மீட்டருக்கு மேல் அலா-பெல் கணவாய், அப்புறம் தொக்தகுல் நீர்த்தேக்கம். நல்ல உடம்புக்கு இந்த உயரம் லேசான தலைவலியோடு போய்விடும். இதய நோயோ மூச்சுக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அம்மாவை இதில் ஏற்றாதீர்கள். பிஷ்கெக்–ஓஷ் விமானம் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அம்மாவும் உங்கள் மனைவியும் அதில் போக, நீங்கள் மட்டும் சாலையில் வந்தாலும் குறையில்லை. மூவரும் சாலையில்தான் என்றால் தொக்தகுலில் ஓர் இரவு தங்குங்கள். எப்படியானாலும் இரவுப் பயணம் வேண்டாம். ஓட்டுநர்கள் தூக்கத்தை விரட்டிக்கொண்டே ஓட்டுவார்கள்.

ஷேர் டாக்ஸிக்கு நேர அட்டவணை கிடையாது. ஆள் நிறைந்தால் கிளம்பும். காலையில் சீக்கிரம் நிறையும், பகலில் காத்துக் கிடக்க வேண்டும். விலை ஓர் இருக்கைக்கு. நான்கு பேர் காரில் நீங்கள் மூன்று பேர் என்றால், நான்காவது இருக்கைக்கும் பணம் கொடுத்து வண்டியை உங்களுடையதாக்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். நினைத்த இடத்தில் நிறுத்தச் சொல்லலாம், அம்மாவுக்குக் கழிப்பறை என்றால் கூச்சப்பட வேண்டியதில்லை. பணத்தை இறங்கும்போது கொடுங்கள். வழியில் பெட்ரோல் போட ஓட்டுநர் கொஞ்சம் முன்பணம் கேட்பது வழக்கம்தான்.

இன்னொன்று கவனியுங்கள். இந்த வழியில் ஓடும் ஜப்பானிய வேன்கள் பலவற்றுக்கு நம் ஊர் போலவே ஸ்டீரிங் வலப்பக்கம். ஆனால் அங்கே போக்குவரத்தும் வலப்பக்கம். லாரியை முந்தும்போது எதிரே வருவது ஓட்டுநருக்குத் தெரியாது. இடப்பக்க முன்னிருக்கையில் இருப்பவருக்குத்தான் தெரியும். முடிந்தவரை இடப்பக்க ஸ்டீரிங் உள்ள வண்டியாகப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்த முன்னிருக்கையில் அம்மாவை உட்கார வைக்காதீர்கள். பயத்திலேயே அவருக்குப் பாதி உயிர் போய்விடும்.

ஓஷில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இந்திய மாணவர்கள் நிறைந்த ஊர், மகளே பார்த்துக்கொள்வாள்.

ஓஷ் நகரை ஒட்டியே உஸ்பெகிஸ்தானுக்குள் நுழையும் தோஸ்துக் எல்லை. தாஷ்கண்ட் வரை ஒரே வண்டி என்று யாராவது பேரம் பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எல்லை வரை ஒரு வண்டி, நடந்து கடந்தபின் உஸ்பெக் நகரமான ஆந்திஜானுக்கு வேறு வண்டி. மறுபக்கம் நம் ஆள் காத்திருப்பான் என்ற வாக்கை நம்பி முழுப் பணத்தைக் கொடுப்பதுதான் பலர் ஏமாறும் இடம். உஸ்பெக் சுங்கத்தில் மருந்துப் பையைத் திறந்து பார்ப்பார்கள். கொடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் அங்கே பெரிய வம்பு. தூக்க மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டு கட்டாயம். டிரோன் கொண்டுபோகவே கூடாது. கடிகாரத்தை இங்கே ஒரு மணி நேரம் பின்னால் திருப்புங்கள்.

உஸ்பெக் டாக்ஸிகள் பல எரிவாயுவில் ஓடுபவை. பெட்டி வைக்கும் இடத்தில் பாதியைச் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், எனவே விலை பேசுமுன் டிக்கியைத் திறந்து பாருங்கள். எரிவாயு நிரப்பும் நிலையத்தில் எல்லோரையும் இறக்கிவிடுவார்கள். அதுதான் விதி, பதற வேண்டாம்.

ஆந்திஜானிலிருந்து தாஷ்கண்டுக்கு டாக்ஸியில் போனால் 2,268 மீட்டர் உயரக் கம்சிக் கணவாயை ஏறி இறங்க வேண்டும். ரயில், அதே மலைக்குள் 2016-இல் திறந்த 19 கிலோமீட்டர் சுரங்கத்தின் வழியாகப் போகிறது. ஓஷ் சாலையில் மலையைப் போதுமான அளவு பார்த்திருப்பீர்கள். இங்கே ரயிலே மேல். கோடையில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஊரிலிருந்தே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.