அரூப குயில்ட் செய்பவர்களுக்குக் கற்பனை எங்கிருந்து கிடைக்கிறது?

துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வைதான் குயில்ட். பூ, கிளி என உருவம் எதுவும் இல்லாமல் நிறமும் வடிவமும் மட்டும் இருந்தால் அது அரூப குயில்ட். புள்ளிக் கோலம் மாதிரிதான். அது எதையும் வரைந்து காட்டுவதில்லை, ஆனாலும் வாசலில் நின்று பார்க்கிறோம்.

கற்பனை பெரும்பாலும் கண்ணெதிரே இருக்கும் நிலத்திலிருந்தே வருகிறது. ஓவியத்தில் போலத் துணியில் நிறத்தைக் குழைக்க முடியாது. ஒரு துண்டு முடிந்தால் தையல், அதைத் தாண்டினால் அடுத்த நிறம். அதனால் தைப்பவரின் கண் எல்லைகளையே தேடும்.

பிசானம் என்னும் நெல் பருவம் தொடங்கும்போது திருநெல்வேலிச் சீமையின் அம்பாசமுத்திரம் பக்கம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். நாற்றங்கால் கிளிப்பச்சை. தொளி கலக்கிய வயல் சேற்றுப் பழுப்பு, அதில் ஒரு கீற்று வானம். இடையே வளைந்து போகும் வரப்பு அப்படியே தையல்தான்! அப்புறம் பத்தமடைப் பாயின் சாயக் கோடுகள், திசையன்விளைப் பக்கத்துத் தேரி என்னும் மணல்மேட்டின் செம்மண்.

பழந்துணியே யோசனை தருவதும் உண்டு. அமெரிக்காவில் அலபாமாவின் கீஸ் பெண்ட் ஊர்ப் பெண்கள் நைந்த வேலை உடுப்புகளில் தைத்த குயில்ட்டுகள் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. முழங்கால் தேய்ந்த இடம் வெளுத்திருக்கும், பாக்கெட்டைப் பிரித்த இடம் மட்டும் அடர்நீலம். எனக்கு அந்த நீலம் போதும்.

கையில் கிடைத்ததை ஒட்டினால் அரூபம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, துண்டுகளைச் சுவரில் குத்தி, பலமுறை இடம் மாற்றிப் பார்த்த பிறகுதான் பெரும்பாலும் ஊசியை எடுப்பார்கள்.