மரத்தால் ஆன மதில்கள்: கேள்விகளும் பதில்களும்

நீரில் ஊறிக் கிடந்த பழைய மரங்களைப் பதப்படுத்திக் காப்பது என் தொழில். ஆகவே கோட்டைகளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் மரத்தின் பக்கம் நின்று சொல்வதாகவே இருக்கும். அரச பரம்பரைகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என்னைவிடத் தகுதியானவர்கள் உண்டு. ஊரையோ பாசறையையோ சூழப் பருத்த மரங்களை நெருக்கமாக நட்டு எழுப்பும் தடுப்பை மர அரண் என்றே எழுதுகிறேன்.

தச்சன் மகன்: மரத்தால் மதில் கட்டினால் எதிரி ஒரு தீப்பந்தத்தை எறிந்து எரித்துவிட மாட்டானா?

முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அடுப்பில் விறகு பற்ற வைத்தவர்களுக்குத் தெரியும்: சுள்ளி பற்றும், சிராய் பற்றும், தொடை பருமனுள்ள ஒற்றைக் கட்டை பற்றாது. நட்டு நிற்கும் பருமரம் மேலே கருகுமேயன்றி, கீழே தொடர்ந்து நெருப்பு மூட்டினாலொழிய எளிதில் எரியாது. அவ்வளவு நேரம் மதிலடியில் குனிந்து நிற்பவனை மேலிருப்பவர்கள் விட்டுவைக்கவும் மாட்டார்கள். மண்ணோ கல்லோ சேர்த்துக் கட்டுவதும் உண்டு. இன்றைய பிரான்சுப் பகுதியில் வாழ்ந்த காலியர்களின் மதிலில் மரச்சட்டங்களுக்கிடையே கல்லை அடுக்கியிருந்ததை வியந்து எழுதிய ஜூலியஸ் சீசர், கல் தீயிலிருந்து காத்தது, மரம் இடிப்புப் பொறியிலிருந்து காத்தது என்கிறார்.

மர அரணின் உண்மையான பகை, மரம் மண்ணைத் தொடும் இடம். தரைமட்டத்துக்குக் கீழும் மேலுமாக ஒரு சாண் அளவில் ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைப்பதால் பூஞ்சையும் கரையானும் அங்கேதான் தொடங்குகின்றன. மேலே இரும்பு போல நிற்கும் மரம், அங்கே மட்டும் உளுத்து ஒரு நாள் சாய்ந்துவிடும். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் அருகே உள்ள கஹோக்கியா என்னும் பண்டைய நகரில், 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீள மர அரணைப் பல முறை புதிதாக நட்டிருக்கிறார்கள்; ஒவ்வொரு முறையும் 15,000 முதல் 20,000 மரங்கள் வெட்டப்பட்டதாகக் கணிக்கிறார்கள். கல்மதில் ஒருமுறைச் செலவு. மர அரணோ, கூரை வேய்வது போல, தலைமுறைதோறும் திரும்பி வரும் செலவு.

வரலாற்று மாணவி: பாடலிபுத்திரத்தைச் சுற்றி மரமதில் இருந்தது என்று படித்தேன். அவ்வளவு பெரிய நகருக்கு அது சாத்தியமா?

நல்ல கேள்வி, அம்மா. கி.மு. 300 அளவில் சந்திரகுப்த மௌரியரின் அவைக்கு வந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் எழுதிய நூல் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. பிற்காலக் கிரேக்க எழுத்தாளர்களான ஸ்ட்ராபோவும் அர்ரியனும் எடுத்தாண்ட பகுதிகளே கிடைக்கின்றன. அவற்றின்படி நகரின் நீளம் 80 ஸ்டேடியா (கிரேக்க நீள அளவை), அகலம் 15 ஸ்டேடியா. சுற்றிலும் அம்பு எய்யத் துளைகள் விட்ட மரமதில், 570 காவற்கோபுரங்கள், 64 வாயில்கள். முன்னால் காவலுக்கும் நகரின் கழிவுநீர் விழுவதற்கும் பயன்பட்ட ஓர் அகழி.

ஒரு ஸ்டேடியாவை 185 மீட்டர் என்று கொண்டால் சுற்றளவு 35 கிலோமீட்டர் வரும். அதை 570ஆல் வகுத்துப் பாருங்கள்: கோபுரத்துக்குக் கோபுரம் 60 மீட்டர் சொச்சம், அதாவது இரு கோபுரங்களிலிருந்தும் எய்யும் அம்புகள் இடைப்பட்ட மதில் முழுவதையும் தாராளமாகக் காக்கும் தொலைவு. அந்தப் பொருத்தத்தினாலேயே எண்கள் வெறும் கதை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஓரடிப் பருமனுள்ள மரங்களை நெருக்கி நட்டால் ஒரு வரிசைக்கே ஒரு லட்சத்துக்கு மேல் வேண்டும். கங்கையும் சோனும் கூடும் இடத்தில், சால மரக் காடுகளிலிருந்து ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவரக்கூடிய ஊருக்கு மட்டுமே அது எண்ணிப் பார்க்கத் தக்கது. ஆற்றங்கரை நகரங்களை மரத்தாலும் மேட்டு நகரங்களைச் செங்கல்லாலும் மண்ணாலும் கட்டினார்கள், மழையிலும் வெள்ளத்திலும் செங்கல் தாங்காது என்பதே காரணம் என்று அர்ரியன் சொல்வதையும் சேர்த்துப் படியுங்கள்.

பாடலிபுத்திரம் இருந்த இன்றைய பாட்னாவில் புலந்திபாக் என்னும் இடத்தில் 1915-16இல் தொல்லியலாளர் ஸ்பூனரும், பிறகு 1926-27இல் மற்றவர்களும் தோண்டியபோது, இணையாக ஓடும் இரு வரிசை நிமிர்ந்த சால மரங்களும் அவற்றுக்கிடையே குறுக்குக் கட்டைகளால் ஆன தளமும் ஆழத்தில் வெளிப்பட்டன. நீர் ஊறிய மண்ணில் காற்றுப் புகாததால் தப்பிப் பிழைத்த மரங்கள் அவை.

பொருநை: சங்க இலக்கியத்தில் வரும் காவற்காடும் மர அரண்தானே?

அன்று. மிளை என்று புலவர்கள் பாடும் காவற்காடு, மதிலுக்கும் அகழிக்கும் புறத்தே வளர விட்ட உயிருள்ள காடு. வெட்டி நட்ட மரத்தைப் பற்றி மட்டுமே நான் பேசுகிறேன். இதைத் தமிழ் படித்தவர்களிடம் கேளுங்கள்.

சிவகங்கை வாசகர்: தீ அம்பு எய்தால் மர அரண் எரியாதா?

தச்சன் மகனுக்குச் சொன்ன பதிலைப் படிக்கவும்.

கொள்ளிடத்தான்: ஐயா, தீயை நீங்கள் மிக எளிதாகத் தள்ளிவிட்டீர்கள். மதிலை மரத்தால் கட்டவே கூடாது, அதில் தீ குடியிருக்கிறது என்று அர்த்தசாஸ்திரம் சொல்கிறதே! சந்திரகுப்தரின் அமைச்சரே அப்படி எழுதியிருக்கும்போது அவர் தலைநகருக்கு மரமதில் எப்படி வரும்? மெகஸ்தனிஸ் புளுகியிருக்கிறார், அவ்வளவுதான்.

இந்த மேற்கோளுக்காகவே காத்திருந்தேன். முதலில் ஒரு சிறு செய்தி: அந்நூலின் சுவடியை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் சேர்த்தவர் தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர், ஆர். சாமசாஸ்திரி அதை 1909இல் பதிப்பித்தார். நூல் இன்றுள்ள வடிவத்தில் மௌரியர் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டது என்பது பேட்ரிக் ஒலிவெல் உள்ளிட்ட அறிஞர்களின் கருத்து, நானும் அப்பக்கமே. ஆகவே அமைச்சர் எழுதினார், அரசர் மீறினார் என்ற முரண்பாடே எழவில்லை. யாரும் செய்யாத ஒன்றைச் சாத்திரம் விலக்குவதும் இல்லை. ‘மரத்தால் கூடாது’ என்று எழுத வேண்டியிருந்தது என்றால், மரத்தால் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்றுதான் பொருள்.

கொள்ளிடத்தான்: காலத்தை விடுங்கள். நூலை எழுதியவர் தீயை அஞ்சினார் என்பது உண்மைதானே? நீங்களோ தீ ஒரு பொருட்டே இல்லை என்கிறீர்கள்.

அப்படி நான் சொல்லவில்லை. ஆனால் முதல் பதிலில் எதிரியின் தீயை மட்டுமே பேசினேன், அது என் குறைதான். அதே நூலில் நகர நிர்வாகம் பற்றிய பகுதியைப் பாருங்கள்: கோடையில் நண்பகலில் தீ மூட்டக் கட்டுப்பாடு, தெருக்களில் வரிசையாக நீர்க்குடங்கள். அவர் அஞ்சியது அடுப்பிலிருந்து கூரைக்கும் கூரையிலிருந்து மதிலுக்கும் பரவும் ஊர்த்தீயை. மாஸ்கோவே சான்று. 1339-40இல் மாஸ்கோவின் ஆட்சியாளர் இவான் கலிதா அந்நகரின் கோட்டையான கிரெம்ளினுக்குக் கருவாலி மரத்தால் மதில் எழுப்பினார். வறட்சியும் காற்றும் சேர்ந்த 1365ஆம் ஆண்டில் ஒரு தேவாலயத்தில் தொடங்கிய தீ நகரை விழுங்கியது. இரண்டே ஆண்டுகளில் அப்போதைய ஆட்சியாளர் திமித்ரி வெள்ளைக்கல் மதிலைத் தொடங்கிவிட்டார். எதிரி மூட்டிய தீயில் வீழ்ந்த அரண்களும் உண்டு. ஆனால் சமையலறையையும் கணக்கில் சேர்க்காமல் தீயைப் பற்றிப் பேச முடியாது.

வரலாற்று மாணவி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். புலந்திபாக்கில் கிடைத்தது மதிலே அன்று, கரையாகவோ வடிகாலாகவோ இருக்கலாம் என்றும் ஐயம் எழுப்பியிருக்கிறார்களே?

எழுப்பியிருக்கிறார்கள், நியாயமான ஐயம். கீழே தளம் இருப்பதால் வந்த ஐயம் அது. ஆனால் இளகிய வண்டல் மண்ணில் தூண்கள் புதையாமலும் சாயாமலும் நிற்க அடியில் சட்டம் போடுவது தச்சர்களுக்கு இயல்பான முறை. இரு வரிசைகளுக்கும் நடுவே மண் நிரப்பினால் அது முழு மதிலாகிவிடும். மதில் என்ற கருத்தே எனக்கு வலுவாகத் தெரிகிறது, ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன். கொள்ளிடத்தானும் நீங்களும் இதைத் தனியே தொடரலாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

மணி, பொறியாளர்: பீரங்கி வந்ததும் மர அரணின் கதை முடிந்துவிட்டதல்லவா?

முடியவில்லை, மிகக் கூர்மையான அமைப்பே அதன் பிறகுதான் வருகிறது. நியூசிலாந்தில் 1845 ஜூலை 1 அன்று ஒஹேயாவாய் என்னுமிடத்தில், ஒரு வாரம் பீரங்கியால் சுட்ட பிறகு, பிரிட்டிஷ் படை அந்நாட்டுப் பழங்குடியினரான மாவோரிகளின் மர அரண் மீது பாய்ந்தது. சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தோ காயமுற்றோ விழுந்தார்கள். வெளிவேலியில் தாழைமடல் போன்ற நீண்ட நார் இலைகளைக் கற்றை கற்றையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். குண்டுகளின் வேகத்தை அது வாங்கிக்கொண்டது, மரம் எங்கே உடைந்தது என்று வெளியே தெரியாமலும் மறைத்தது. அந்த வெளிவேலியின் அடி மண்ணைத் தொடவில்லை. உள்வேலியின் பின்னால் வெட்டிய குழியில் நின்றவர்கள் அந்த இடுக்கு வழியே சுட்டார்கள். வெளியே இருந்தவன் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குண்டு அவன் கால்மட்டத்திலிருந்து வந்தது.

நம் ஊரோடு தொடர்புள்ளதும் ஒன்று உண்டு. 1824-26 பர்மியப் போரில் ரங்கூனைச் சூழ்ந்த தேக்கு, மூங்கில் அரண்களுக்கு எதிரே நின்றவர்களில் பெரும் பகுதியினர் கடல் கடந்து சென்ற மதராஸ் சிப்பாய்கள்.

தோட்டக்காரர்: எங்கள் தோட்டத்துக்குச் சவுக்குக் கம்பத்தில் வேலி போடலாமா?

இது என் துறை அன்று. வேளாண் அலுவலரைக் கேளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த உட்பகுதி நிற்கும், வெளிறு என்னும் மென்மையான வெளிப்பகுதி நிற்காது, போவது தரைமட்டத்தில்தான். அடியைத் தீயில் கருக்கி நட்டால் போதும் என்பவர்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். கரிப்பூச்சு வெடித்த இடத்தில் ஈரம் உள்ளே போய்விடும்.

பெயர் சொல்லாதவர்: மரம் எரியுமே, எப்படி அரண் ஆகும்?

எரியும். மேலே மூன்று பதில்கள் உள்ளன.

நிலா: மரமே மக்கிப்போன பிறகு அரண் இருந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மரம் போய்விடும், குழி போகாது. நட்ட குழியில் பிறகு சேரும் மண்ணுக்கும் சுற்றியுள்ள கன்னி மண்ணுக்கும் நிறம் வேறு. மேல்மண்ணைக் கரண்டியால் மெல்லச் சுரண்டி, சற்று நீர் தெளித்துப் பார்த்தால், மஞ்சள் மண்ணில் கருநிற வட்டங்கள் கோலப் புள்ளிகளைப் போல வரிசையாகத் தெரியும். வெயில் ஏறினால் கால்மணி நேரத்தில் மங்கிவிடும். காலையிலேயே வரைந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1607இல் கட்டிய ஜேம்ஸ்டவுன் முக்கோணக் கோட்டையை ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1994இல் தொடங்கிய அகழாய்வில் இத்தகைய கறைகளை வைத்தே அதன் பெரும்பகுதியை மீட்டார்கள்.

கரூர் வாசகர்: எங்கள் பழைய கிணற்றைத் தூர் வாரியபோது அடியில் கருத்த பெரிய மரத்துண்டு கிடைத்தது. பழைய கோட்டை மரமாக இருக்குமோ? வெயிலில் காய வைத்திருக்கிறோம்.

உடனே நிழலுக்கு எடுத்துவிடுங்கள். நீரில் ஊறிய மரத்தின் உள்ளே நீர்தான் உருவத்தைத் தாங்கி நிற்கிறது. அது வற்றினால் மரம் சுருங்கி, முறுக்கி, பாளம் பாளமாக வெடித்துவிடும், திரும்ப நனைத்தாலும் பழைய வடிவம் வராது. ஈரத் துணியைச் சுற்றி, பிளாஸ்டிக் உறையில் மூடிவைத்து, தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். தண்ணீர் ருசிக்கட்டும் என்று கிணற்றின் அடியில் நெல்லிக்கட்டை போடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. கோட்டை மரமாக இருப்பதைவிட இது அதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் அவர்கள் வந்து பார்க்கும் வரை நனைத்தே வையுங்கள்.